சதுர முனை

பிரிந்தபோது லேப்டாப் தயாளனோடு போனது. அதன் சார்ஜர் மட்டும் எப்படியோ யசோதாவின் துணிப்பெட்டிக்குள் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் இருவரும் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய பெரிய கம்பெனி லேப்டாப் அது. வேறு யாருடைய சார்ஜரும் நுழையக்கூடாதென்று முனையைச் சதுரமாகச் செய்திருந்தார்கள் புண்ணியவான்கள். பிறகு அந்த மாடலையே நிறுத்தியும்விட்டார்கள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தயாளன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு யசோதாவின் வீட்டுக்கு வந்தான். சார்ஜரைக் கொடு என்று அவன் கேட்கவில்லை. எடுத்துப் போங்கள் என்று அவளும் சொல்லவில்லை.

இன்று சார்ஜரைச் செருகித் திறந்ததும், வாங்கும்போதே உள்ளே இருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் வழக்கம்போல் பணம் கட்டச் சொன்னது.

“இன்னுமா இத எடுக்கல?” என்றாள்.

“கம்பெனிக்காரன் போட்டது. எடுத்தாலும் திரும்ப வந்து நிக்குது.”

முன்பெல்லாம் அந்த அறிவிப்பை யார் மூடுவது என்று போட்டி போடுவார்கள். இன்றும் அவள்தான் முந்திக்கொண்டாள். தயாளன் சிரித்தபடி முகம் கழுவப் போனான்.

மவுஸ் எடுக்க அவன் பைக்குள் கைவிட்டாள் யசோதா. விரலில் ஒரு ஒயர் சிக்கியது. இழுத்தால், அதே சதுர முனை. டூப்ளிகேட் சார்ஜர். புதிதும் அல்ல, ஒயரின் கழுத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. அதை அப்படியே உள்ளே தள்ளி ஜிப்பை மூடினாள்.

“ஏறுதா?” என்று துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தான்.

பாட்டரி நிறைந்திருப்பதாகத் திரை காட்டியது. அவள் லேப்டாப்பை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“இன்னும் பாதிகூட ஏறல. உக்காருங்க.”