ராசியான சுவெற்றர்

கௌசலாதான் கெடுத்திருப்பாள். பத்மாசனிக்கு அதில் துளி சந்தேகமும் இல்லை. புருசன் வெளிநாடு போவது பிடிக்காமல் ஒரு கிழமையாய் அழுதுகொண்டு திரிகிற மருமகளை விட்டால் வேறு யாருக்கு இந்த மனம் வரும்?

கம்பளிச் சுவெற்றர் பாயில் கிடந்தது. போன கிழமை போட்டுப் பார்த்தபோது அவள் புருசன் ஜெயந்தனுக்குத் தொளதொளவென்று இருந்தது. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடக் காணாது. கம்பளியில் சுடுதண்ணி பட்டால் இந்தக் கதிதான்.

பத்மாசனி அதைக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்தவள். பச்சைத்தண்ணியில் துளி சம்பூ விட்டு, பிழியாமல் துவாயில் சுருட்டி, நிழலில் பாய் விரித்துக் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோடு அலுமாரியில் வைப்பாள். மூத்தவன் அதைப் போட்டுக்கொண்டுதான் கனடா போய்ச் சேர்ந்தான். அவன் திருப்பி அனுப்ப, இரண்டாவது மகன் அதையே போட்டுப் பிரான்சில் இறங்கினான். அது இல்லாமல் வெளிக்கிட்ட அவளுடைய தம்பியின் மகனோ பாதி வழியில் பிடிபட்டுத் திரும்பி வந்தான்.

அன்றோடு அது ராசியான சாமான் ஆகிவிட்டது. அதில்லாமல் படி இறங்கமாட்டேன் என்று கடைக்குட்டி ஜெயந்தனும் சொல்லிவிட்டான்.

காலையில் அதைக் கிணற்றடிப் பேசனில் பச்சைத்தண்ணி விட்டு ஊறவைத்துவிட்டுத்தான் பத்மாசனி கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது, குசினிப் பக்கமே போகாத அவளுடைய மனுசன் கதிர்காமநாதன், முழங்கால் உளைவுக்கு ஒத்தணம் பிடிக்கவென்று தானே அடுப்பு மூட்டியிருந்தார். அந்த ஒரு வேலையாவது மிச்சம் என்று நினைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனவள், பேசனைப் பார்த்ததும் அப்படியே குந்திவிட்டாள்.

ஜெயந்தன் அதைக் கண்டதும் ஏஜென்சிக்காரனுக்குப் போன் எடுத்து, இந்த முறை தான் வரவில்லை, வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டான்.

"உள்ளதைச் சொல்லு பிள்ளை. நீதானே?"

"இல்லை மாமி. அவர் போகக்கூடாது எண்டுதான் எனக்கும் விருப்பம். ஆனா சத்தியமா நான் அதைத் தொடேல்லை."

பத்மாசனி நம்பவில்லை. ஆனால் மேற்கொண்டு கத்தவும் சீவன் இல்லை. உண்மையைச் சொன்னால், மூன்றாவது பிள்ளைக்கும் அதைத் தோய்த்துக் கொடுத்துப் படலையில் நின்று கைகாட்ட அவளுக்கும் இனித் தெம்பில்லை. பயமெல்லாம் மனுசனை நினைத்துத்தான். வயலோடு மாரடித்து என்ன கண்டாய், அண்ணன்மாரைப் பார் என்று ஒரு வருசமாய் ஜெயந்தனை வெளிநாட்டுக்குக் கலைத்தவர் அவர். இப்போது மருமகளை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறார்.

கதிர்காமநாதன் விறாந்தைக் கதிரையில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கௌசலா விம்மத் தொடங்கியதும் மெல்ல எழும்பி வந்தார்.

"பிள்ளையைப் பேசாதையும். சுடுதண்ணி ஊத்தினது நான்தான். போ எண்டு சொன்ன வாயால நில் எண்டு சொல்ல ஏலேல்லை."