அம்சாவுக்குச் சுளுக்கு

இதை எனக்கு முதலில் சொன்னது அம்சாவேதான். போன புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, வரதர் கோயில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றபடி.

அதுவரை நானும் அவளை ஏசியவள்தான்.

நடக்க முடியாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு வேன் வாங்கப் பணம் திரட்ட, ஆடி மாதம் ஓட்டம் வைத்தார்கள். அம்சாவின் மகன் தனுஷும் அங்கேதான் படிக்கிறான். ஓட்டத்தை அறிவித்த கூட்டத்திலேயே பட்டுக்கடை முதலாளி பரசுராமன் மைக்கைப் பிடித்தார்.

"எங்க தறியில நெய்யுற அம்சா ஓடும். அது ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நான் பத்தாயிரம் தரேன்!"

ஒரே கைத்தட்டல். அம்சாவுக்கு நாற்பத்தெட்டு வயசு, கனத்த உடம்பு. எத்தனை தூரம் ஓடிவிடப் போகிறாள்?

ஓட்டத்தன்று அம்சா கணுக்காலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுளுக்காம்.

"நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தானே நடந்துக்கினு இருந்தா?" என்றாள் பக்கத்து வீட்டு நதியா.

"பெத்த புள்ள படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஓடவே வலிக்குதாம்மா மகாராணிக்கு!"

இதைச் சொன்னது நான். காமாட்சியைக் கும்பிட்டு வந்த குங்குமம் நெற்றியில் அப்படியே இருந்தது.

அம்சா குனிந்து கால் கட்டைச் சரிசெய்துகொண்டாள்.

பரசுராமன் மறுபடி மைக்குக்கு வந்தார். "அது ஓடலன்னா போவட்டும், உடம்புதான் முக்கியம். என் பங்கா ஐயாயிரம்!"

மறுபடி கைத்தட்டல். இந்தத் தடவை சால்வையும்.

கோயில் வரிசையில் நான்தான் வாயைக் கொடுத்தேன். "கால் சரியாயிடுச்சா?"

"எனக்கு எங்க சுளுக்குச்சு, அக்கா? தெருவுல பாவு நூல நீட்டி இழுத்துக் கட்டும்போது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தினி நடை நடக்குறேன்! கடைக்குள்ளயே குந்திக்கினு இருக்குற மனுஷனுக்கு அது தெரியல. ஓட்டத்துக்கு முந்தின நாள் காலையில செவிலிமேடு ரோட்டுல ஓடிப் பார்த்தேன். எட்டு கிலோமீட்டர். மொதலாளி வண்டியில பின்னாடியே வந்து பார்த்தாரு."

"அப்புறம்?"

"மறுநாள் விடிஞ்சதும் வூட்டுக்கு வந்துட்டாரு. கையில கட்டுத் துணி. 'கால் சுளுக்கிக்கிச்சுன்னு சொல்லிடு'ன்னாரு. சுளுக்கலையேன்னேன். 'உனக்குத் தறி வேணுமா, வேணாமா?'ன்னாரு."

வேன் இன்னும் வரவில்லை. தனுஷை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அதே காலால் நடந்துதான் பள்ளிக்குப் போகிறாள்.

எங்கள் தெருப் பக்கம் வந்தால், அம்சாவிடம் "கால் எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவளுக்கு இன்னும் தறி வேண்டும்.