பதினைந்து அம்பியர்

“செல்வமலர், அதைத் தொடாதை பிள்ளை! ஹீற்றர் ஓடேக்க கேத்தில் போடக்கூடாது!”

வீரபத்திரர் சொல்லி முடிப்பதற்குள் அவள் சுவிச்சைத் தட்டிவிட்டாள். ஹீற்றர் பெருமூச்சு விட்டதுபோல் அடங்கியது. தலைக்கு மேலிருந்த விளக்கும் மங்கியது.

அந்த ஞாயிறு மத்தியானம், வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருந்த அந்தப் பழைய மோட்டார்ஹோம் வண்டிக்குள் இருந்தவர்கள் மூன்றே பேர். எழுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையாத வீரபத்திரர்; கோயில் நிர்வாக சபையில் இருக்கும் இரவிச்சந்திரன்; அவனுடைய மனைவி செல்வமலர். வீரபத்திரர் அதற்குள் குடியேறிய நாற்பது நாளில் அந்தப் படியேறி வந்த முதல் ஆட்கள் அவர்கள்தான்.

“என்னண்ணை நடந்தது?” என்றான் இரவிச்சந்திரன்.

“பிறேக்கர் விழுந்திட்டுது. வீட்டிலயிருந்து வாற இந்த வயரில பதினைஞ்சு அம்பியர்தான். ஹீற்றரே பன்னிரண்டைத் திண்டிடும். பேந்து கேத்திலுக்கு எங்க போறது? தேத்தண்ணி வேணுமெண்டா அஞ்சு நிமிசம் குளிரோட இருக்கத்தான் வேணும்.”

ஆள் கிடைத்த சந்தோசத்தில் அவர் நிறுத்தவில்லை. “பற்றரியும் கிழடு. ரெண்டு லைட்டைக் கூடப் போட்டா விடியுறதுக்குள்ள செத்துப்போம். என்னைப்போல அதுக்கும் வயசு போட்டுது.”

சிரித்துவிட்டு, சட்டைப்பையில் இருந்த வீட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். பிறேக்கர் வீட்டின் நிலவறையில் இருந்தது. முழங்கால் அளவு ஸ்னோவில் அவர் கால் புதையப் புதைய நடப்பதை இருவரும் யன்னலால் பார்த்தார்கள். சென்ட் லோரன்டில் அந்தத் தெருவிலேயே பெரிய வீடு அது. இரண்டு மாடி.

“திறப்பையாவது குடுத்து வைச்சிருக்கிறானே, புண்ணியவான்!” என்று செல்வமலர் பல்லைக் கடித்தாள். “அந்தப் பிருந்தன் இவ்வளவு பெரிய வீட்டில தான் படுத்துக்கொண்டு, பெத்த தகப்பனை முத்தத்தில விட்டிருக்கிறான்.”

“மெல்லக் கதையும். அவர் தன்ர பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லுத் தாங்கமாட்டார்.”

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஒவ்வொரு சுவிச்சின் அருகிலும் வெள்ளை ரேப் ஒட்டி, நீல மையில் தமிழில் எழுதியிருந்தது.

“இஞ்ச பாருங்கோ. ‘பால் போத்தல் சூடாக்கேக்க ஹீற்றரை நிப்பாட்டு.’ இந்த மனுசனுக்கு என்னத்துக்குப் பால் போத்தல்?”

“மருந்து கிருந்து சூடாக்கிறாராக்கும்.”

வீரபத்திரர் தோளில் ஸ்னோவோடு திரும்பி வந்தார். முதலில் ஹீற்றரை அணைத்தார். பிறகு கேத்திலைப் போட்டார். மூவரும் கோட்டைக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு வெள்ளையாக வந்தது.

“ஒளிக்காமல் சொல்லுங்கோ அண்ணை. பிருந்தன்தானே உங்களை வெளியில விட்டவன்?”

“என்ர குடும்பக் கதை என்ர படி தாண்டுறதில்லை, இரவி.”

“படி தாண்டி ஜான்-டலோன் சந்தை வரைக்கும் போட்டுது” என்றாள் செல்வமலர். “வெங்காயம் வாங்கப் போனாலும் உதுதான் கதை.”

“நாளைக்கு நாங்கள் ஆறு பேர் டோர்வலுக்குப் போறம்” என்றான் இரவிச்சந்திரன். “எயார்போட்டில அவன் பெட்டி ஏத்துற இடத்தில, நாலு பேருக்கு முன்னால நிப்பாட்டிக் கேக்கப் போறம்.”

“போகக்கூடாது.”

“ஏன் கூடாது? போன வெள்ளி கோயிலுக்கு வந்தவன். ஒருத்தரும் முகம் குடுக்கேல்லை. ‘தகப்பனைக் கலைச்சுப்போட்டுச் சாமி கும்பிட வந்தியோ’ எண்டு நானே கேட்டன். அருச்சனைத் தட்டோட தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டான். இல்லையெண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லை. குற்றமுள்ளவன் எப்பிடி அண்ணை வாய் திறப்பான்?”

கேத்தில் கொதித்து, தானாக நின்றது. வீரபத்திரர் அதைக் கவனிக்கவில்லை.

“வாய் திறக்கேல்லையோ?”

“இல்லை.”

“என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லையோ?”

“அதுதானே சொல்லுறன்.”

அவருடைய முதுகு முதல் தடவையாக இருக்கையில் சாய்ந்தது. ஹீற்றரைப் போட மறந்து, கையை மட்டும் அந்த ரேப்பின் மேல் வைத்தார்.

“அந்த வீட்டில ஒருத்தருமில்லை, இரவி. பிருந்தன் என்னோட இருக்கிறான் எண்டு ஒரு வருசமா உங்களுக்குச் சொன்னதெல்லாம் பொய்.”

“அப்ப அவன் எங்க?”

“இப்ப லவாலில ஒரு பிளாற் கிடைச்சிருக்கு. போன விண்டர் முழுக்க இதுக்குள்ளதான், அவன்ர சிநேகிதன் மைக்கலின்ர கராச்சுக்குப் பின்னால, இப்பிடி ஒரு வயரில இருந்தவன். இது அவன்ர எழுத்து. அவன் இதை விக்கப்போறான் எண்டு கேள்விப்பட்டு, வேற ஆளை விட்டு நான்தான் வாங்கினன். அவனுக்குத் தெரியாது.”

செல்வமலர் அந்தப் பால் போத்தல் வரியை மறுபடி பார்த்தாள்.

“அண்ணை, வீடு சும்மா கிடக்கெண்டா, நீங்கள் ஏன் இதுக்குள்ள...?”

அவர் ரேப்பிலிருந்து கையை எடுத்தார். எழுந்து, முதுகை நிமிர்த்தி நின்றார்.

“நாளைக்கு டோர்வலுக்குப் போகாதை. கோயிலுக்குப் போ. போய் எல்லாருக்கும் கேக்கச் சொல்லு: மகன் தகப்பனைக் கலைக்கேல்லை, சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பெட்டையைக் கட்டினவன் எண்டு, கைக்குழந்தையோட ஸ்னோவுக்குள்ள வந்து நிண்ட மகனைக் கலைச்சது தகப்பன்.”