பத்தாவது அசிஸ்ட்

கூடைப்பந்து ஆட்டம் முடிந்துவிட்டது. ஜெயித்த அணியின் கேப்டன், புள்ளிவிவரம் பதிகிறவளின் மேசையில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றிக் குனிந்து நிற்கிறான். அவன் மூக்கு நுனி வியர்வை அவள் தாளில் சொட்டுகிறது. அவள் அதை ஒரு விரலால் வழித்து மேசை விரிப்பில் தேய்க்கிறாள். உயரத்துச் சன்னல் வெயில் மெழுகிட்ட தரையில் பட்டுக் கண் கூசுகிறது. அவனுக்குப் பின்னால், பெரிதாகப் பத்து என்று எழுதிய அட்டையை அக்குளில் இடுக்கியபடி போட்டோகிராபர் காத்திருக்கிறார். “எனக்குப் பத்து அசிஸ்ட்டும்மா. கடைசிக் கூடைக்குப் பாஸ் குடுத்தது யாரு, உங்கப்பனா?” என்கிறான் கேப்டன். “வாங்குனவரு நாலு தடவை பந்தைத் தட்டி, ரெண்டு பேரைத் தாண்டித்தான் போட்டாரு. பாஸ் வாங்குன கையோட கூடையில போட்டாத்தான் அசிஸ்ட்டு; அது அவரு சொந்தமாப் போட்டது. உங்களுக்கு ஒம்பதுதான்.” “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? வீடியோவப் போட்டுப் பாரு, எல்லாத்தையும் பாரு!” அவன் கணக்கில் ஏறிய ஒன்பது பாஸ்களையும் திரையில் வரிசையாக ஓடவிடுகிறாள். அவன் விரல்கள் மேசையில் தாளம் போடுகின்றன. ஆறாவதில் படத்தை நிறுத்துகிறாள். அங்கேயும் பந்தை வாங்கியவன் நாலு தடவை தட்டி, ஒருவனை ஏமாற்றிவிட்டுத்தான் கூடையில் போடுகிறான். அவள் பேனாவைத் திறந்து ஒன்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் எட்டு என்று நிதானமாக எழுதுகிறாள். தாளம் நின்றுபோகிறது. “இன்னொரு தடவை பாக்கலாமா?” என்று கேட்கிறாள்.