ஜன்னலோர நாற்காலி

கேப்டன் ஒர்டூன்யோ மேலங்கிக்குள்ளிருந்து பத்திரிகையை உருவி எடுத்ததுமே டான் ஹெர்வாசியோ தன் ஜன்னலோர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காப்பிக்கடைல இதுக்கு அடிதடி! ஊர்சுற்றி இந்த வாரம் ஒரு வீட்டையே கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கானாம். நான் இன்னும் பிரிச்சுக்கூடப் பாக்கலை," என்றார் கேப்டன்.

ஊர்சுற்றி யார் என்று மாட்ரிட்டில் ஒருவருக்கும் தெரியாது. நகரத்துப் பழக்கவழக்கங்களைக் கிண்டல் செய்து ஞாயிறுதோறும் அந்தப் பெயரில் எழுதுவது டான் ஹெர்வாசியோதான். தெரிந்தால் எந்த வீட்டில் கதவு திறப்பார்கள்?

வியாழக்கிழமை எழுத ஒன்றும் அகப்படவில்லை. அச்சகத்து ஆள் வாசலில் வந்து நின்றுவிட்டான். அந்த அவசரத்தில் இந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டார். ஞாயிறு மாலை தவறாமல் எட்டு வருஷமாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் இதே டோனா ப்ரூடென்சியாவின் கூடத்தை.

தெருவை மாற்றியிருந்தார். வீட்டுக் கிளியைக் குரங்காக்கியிருந்தார். மற்றபடி எல்லாம் அப்படியே.

போயும் போயும் இன்றைக்கா படிக்க வேண்டும்! டோனா ப்ரூடென்சியாவிடம் அவர் மகள் கசில்டாவைப் பெண் கேட்க இன்றுதான் துணிச்சல் வந்திருந்தது. புதுக் கையுறை வேறு. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், அம்மணி," என்று நுழையும்போதே சொல்லியும் வைத்துவிட்டார்.

அம்மாவுக்குக் கண் மங்கல். அந்த வீட்டில் உரக்கப் படிப்பது எப்போதும் கசில்டாதான். விளக்கை அருகே இழுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

வீட்டுக்காரி சாக்லேட்டில் தண்ணீர் கலக்கும் இடம் வந்தது. டோனா ப்ரூடென்சியா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எதிர்வீட்டு ஒபுலியாதான், சந்தேகமே இல்ல! அவ குடுக்கிற சாக்லேட்ல முகம் பாத்துத் தலை வாரிக்கலாம்!" என்றவர், தன் வீட்டுச் சாக்லேட்டை ஒரு வாய் குடித்துக்கொண்டார்.

அடுத்து கட்டுரையில், முப்பது வருஷத்துக்கு முன் செத்த பிரெஞ்சுக்காரர்களை வாராவாரம் தன் பேச்சில் புதிதாகக் கொல்லும் கிழட்டுச் சிப்பாய் வந்தார். கேப்டன் தொடையில் தட்டிக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சு இப்படி நாலு பேர் இருக்கானுங்க!"

கணப்புச் சட்டியோரம் தூங்கி வழியும் பாதிரியார் வந்தபோது, இந்தக் கூடத்துப் பாதிரியார் கணப்புச் சட்டியோரம் தூங்கிக்கொண்டிருந்தார்.

மாட்ரிட்காரர்கள் இப்படித்தான். கண்ணாடியைக் கொண்டுபோய் முகத்துக்கு நேரே பிடித்தாலும், எதிர்வீட்டு ஜன்னல் என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள். இந்தப் புண்ணியத்தில்தான் டான் ஹெர்வாசியோவின் பிழைப்பே ஓடியது.

ஆனால் அடுத்த பக்கத்தில் இருந்தது மகளைப் பற்றிய பத்தி.

"முப்பது தாண்டிய மகள் ஒருத்தி உண்டு. விலைபோகாத துணியைக் கடை வாசலில் தொங்கவிடுவது போல, அம்மா அவளை வாராவாரம் விளக்கடியில் உட்கார வைக்கிறாள்" என்று எழுதியிருந்தார். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது அவள் விளக்கடியில் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவமானமாக இருந்தது.

கசில்டா பக்கத்தைத் திருப்பினாள். கண்கள் ஒருமுறை மேலிருந்து கீழே இறங்கின. பிறகு அதே குரலில் படித்தாள்.

"ஜன்னலோர நாற்காலியில் ஒருவர். வருஷக்கணக்காக வருகிறார். எல்லாரையும் பார்ப்பார், எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார், தன் மனதில் இருப்பதை மட்டும் வெளியே விடமாட்டார். அவர்கள் சாக்லேட்டைக் குடித்துவிட்டுத் தெருமுனை திரும்பியதும் அவர்களையே நினைத்துச் சிரிப்பார். அந்தக் கூடத்தில் பாவப்பட்ட ஜென்மம் அவர்தான். அது அவருக்கு மட்டும் தெரியாது."

சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. பாதிரியாருக்குக்கூட விழிப்பு வந்துவிட்டது.

"யாருடி அது? ஒபுலியா வீட்டுக்கு வர்ற நோட்டரியா?"

"அவனேதான் அம்மணி! அந்த மூஞ்சியப் பாத்தாலே தெரியுமே!" என்றார் கேப்டன்.

டான் ஹெர்வாசியோவும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்?

அவர் எழுதிக் கொடுத்ததில் அப்படி ஒரு பத்தியே இல்லை; மகளைப் பற்றிய பத்தியின் இடத்தில் கசில்டாவே இட்டுக்கட்டிப் படித்திருந்தாள். இல்லை என்று சொல்ல அந்தக் கூடத்தில் அவர் ஒருவரால்தான் முடியும். சொன்னால் அகப்பட்டுக்கொள்வார். வீட்டுக்காரி, கேப்டன், பாதிரியார், குரங்குவரை ஒருவர் விடாமல் எழுதியவர், ஜன்னலோர நாற்காலியை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார். எழுதியது யாரென்று கண்டுபிடிக்க கசில்டாவுக்கு அது போதுமாக இருந்தது.

"ஏண்டி, அந்த வீட்ல பொண்ணு கிண்ணு யாரும் இல்லையா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார் டோனா ப்ரூடென்சியா.

"அவளைப் பத்தி ஒரு வார்த்தைகூட எழுதலைம்மா."

"எழுத என்ன இருக்கும்? நல்ல பொண்ணா இருப்பா."

கசில்டா பத்திரிகையை நாலாக மடித்துக் கணப்புச் சட்டிக்குள் வைத்தாள். "ஐயோ, என் பேப்பர்!" என்று கேப்டன் எழுவதற்குள் அது பற்றிக்கொண்டது.

"கரி அணையற மாதிரி இருந்துது, கேப்டன். மன்னிச்சுக்கோங்க."

"பேப்பர் போனா போகட்டும்," என்ற டோனா ப்ரூடென்சியாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அடடா, டான் ஹெர்வாசியோ! என்னமோ கேக்கணும்னு சொன்னீங்களே?"

அவர் வாயைத் திறந்தார்.

"அவருக்கு நேரமாயிடுச்சாம், அம்மா," என்று கசில்டா விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். "படி வரைக்கும் வெளிச்சம் காட்டிட்டு வரேன்."

நேரமாகிவிட்டதாக அவர் சொல்லவே இல்லை.

எழுந்துகொண்டார்.