மறக்கடித்த பாடம்

வந்துவிடாதே என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே மணியை அடித்தேன்.

கூண்டின் மூலையில் என் வெள்ளை எலி படுத்திருந்தது. மாப்பிள்ளை என்றுதான் வகுப்பே அவனைக் கூப்பிடும். மணிச் சத்தம் கேட்டதும் மீசையை நீவிக்கொண்டு, எல்லோரும் தனக்காகக் காத்திருப்பது முறைதான் என்பது போல நிதானமாக நடந்து வருவான். என் உள்ளங்கையில் முன்னங்கால்களை ஊன்றிக் கடலை தின்பான்.

பழக்கியது நான். ஒரு செமஸ்டர் முழுக்கப் பட்ட பாடு அது.

நான் படிப்பது உளவியல். டாக்டராகத்தான் முடியவில்லை, அரை டாக்டராவது ஆகட்டும் என்று அம்மா உயிரியலையும் சேர்த்து எடுக்கச் சொன்னாள். எங்கள் வகுப்பில் இரண்டையும் படிப்பவள் நான் ஒருத்திதான். அதனால் விஷயம் எனக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

தேர்வில் நன்றாகச் செய்கிற எலி மாடிக்கு, உயிரியல் லேபுக்குப் போகும். பாடம் கற்ற மூளையை மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றும் கற்காத எலி தப்பித்தது. அடுத்த வருடப் பிள்ளைகள் பழக்கட்டும் என்று அதைக் கீழேயே விட்டுவிடுவார்கள்.

மாப்பிள்ளையை மக்காக்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். என் மார்க் போனால் போகட்டும்.

போன வாரம் முழுக்க, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய் மணி அடித்தேன். கடலை கொடுக்கவில்லை. வெறும் கையை முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். மறுபடியும் அடிப்பேன்.

வெள்ளிக்கிழமை எவ்வளவு அடித்தும் அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை. சந்தோஷத்தில் அழுதே விட்டேன். போதும், பாவம், கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று சனி, ஞாயிறு அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது திங்கட்கிழமை. தேர்வு. உளவியல் மேடம் பக்கத்தில் நின்றிருந்தார்.

மணிச் சத்தத்துக்கு முதலில் ஒரு காது அசைந்தது. பிறகு மாப்பிள்ளை எழுந்தான். நேராக வந்து என் கையில் காலை வைத்தான்.

மேடம் முழு மார்க் போட்டார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேனாவை மூடினார்.

“எவ்வளவு மறக்கடிச்சாலும், நடுவுல ஓய்வு கொடுத்தா பழசு தானா திரும்பி வந்துரும். போன பரீட்சையில நீயே எழுதியிருக்கியேம்மா.”

எழுதியிருந்தேன், உதாரணத்தோடு. சனிக்கிழமையும் வந்து அடித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அடித்திருக்க வேண்டும். பாவம் பார்த்துத் தொலைத்தேன்.

மாடியிலிருந்து உயிரியல் சார் இறங்கி வந்தார். மயக்க மருந்து ஏற்றும்போது எலி மிரண்டால் மூளையில் ஏதேதோ சுரந்து சோதனையே கெட்டுவிடுமாம். யார் பிடித்துக்கொள்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு சார் என்னைப் பார்த்தார்.

“நீயே பிடிச்சுக்கோம்மா. உன் கையில இருந்தா அது பயப்படாது.”

அவர் சொன்னது சரிதான். அவன் கடைசிவரை பயப்படவே இல்லை.