பின்சக்கரத்தை ஒட்டி

"ஊருக்குப் போனதும் நான் எங்கம்ம வீட்டுக்குப் போயிருதேன்" என்று ரெஜினா கணவனிடம் காலையிலேயே சொல்லிவிட்டாள். இருந்தாலும் இருவரும் சைக்கிளை எடுத்தார்கள். ஸ்பெயினின் அந்த மலைச்சாலையில் பாதாம் மரங்களைத் தவிர எதுவும் இல்லை. எதிர்க்காற்றை மறைக்க ஜஸ்டின் முன்னால் போனான். அவன் பின்சக்கரத்தை ஒட்டி அவள் வந்தாள். குழி வந்தால் அவளுக்காகக் கையைத் தாழ்த்திச் சுட்டிக்காட்டினான். ஏற்றம் தொடங்கியதும் பேசவும் தொடங்கினான்.

"குடிய விட்டிருதேன் ரெஜி. உங்கம்மய நம்மகூடயே வச்சுக்கிடலாம்."

அடுத்த குழியைக் காட்டிவிட்டுக் காத்திருந்தான்.

"மூச்சு வாங்குதா? நீ பேசண்டாம், கேட்டா போரும். சும்மா இருந்தா சம்மதம்னு எடுத்துக்கிடுவேன், பாத்துக்க."

குழிகளைக் காட்டிக்கொண்டே, இதுவரை யாரிடமும் சொல்லாததையும் அவளிடம் சொன்னான். அழுகை வந்தது. திரும்பிப் பார்த்தால் சைக்கிள் தடுமாறும் என்று பார்க்கவில்லை. உச்சியில் காலை ஊன்றித்தான் திரும்பினான்.

சாலை காலியாக இருந்தது. வெகு கீழே அவளுடைய மஞ்சள் சட்டை வந்த வழியே இறங்கிக்கொண்டிருந்தது.

"ரெஜி!" என்று கத்தினான்.

இறக்கம் என்றாலே பயந்து இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடிக்கிறவள், வளைவில்கூட வேகத்தைக் குறைக்கவில்லை.